வழித்துணைவர் வீட்டு கேட்

கருத்தரங்கக் கூடத்தின் நீண்ட மேசைக்குச் சிவப்பு வெல்வெட் துணி விரித்திருந்தார்கள். துணி வாடகைக்கு வந்தது. எந்தக் கல்யாணத்திலோ சிந்திய பாயசக் கறையை மடிப்புக்குள் ஒளித்திருந்தார்கள். அதன் நடுவில், செவ்வந்திப்பூத் தட்டுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் இடையே, என் நோட்டு.

பழுப்பு அட்டை, லேபிள், பக்கத்துக்குப் பக்கம் எண். "முன்மாதிரி வழித்துணைப் பதிவேடு" என்று அச்சடித்த சீட்டு ஒன்று அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் தரம் பார்க்க வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் முந்திரி பக்கோடா இருந்த திசையில் தரம் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றாமவர் காதோரம் நரைத்த ஓர் அம்மையார். அவர் நோட்டைக் கையில் எடுத்தார்.

அதுவரை கவலையில்லை. பார்வையிட வருகிறவர்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார்கள், "குட், குட்" என்று வைத்துவிடுவார்கள். இவர் கைப்பையைத் திறந்து வேறு கண்ணாடியை எடுத்து மாட்டினார். படிக்கிற கண்ணாடி.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருத்தி என் பக்கத்தில் நின்ற பர்வீன். அவள் என் முழங்கையைக் கிள்ளி, உதடு அசையாமல் சொன்னாள்:

"செத்தடீ."

எண் போடும் பழக்கம்

போன வாரம் இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "எதற்கெடுத்தாலும் ஒன்று, இரண்டு என்று எண் போடுகிறீர்களே. இது தொடரா, மளிகைச் சீட்டா?" பதில்:

1. பழக்கம்.
2. விட முடியவில்லை.
3. மளிகைச் சீட்டைப் படித்துவிட்டு யாரும் தவறான பொருளை வாங்கி வருவதில்லை.

பழக்கம் வந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு வருமுன் இரண்டு வருடம், மணலிக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தேன். காட்டுப்பள்ளியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் லாரிகள் வரும். வாசலில் கூரைத் தகட்டுக்குக் கீழே நான். ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, கண்ணால் பார்த்ததைச் சீட்டில் எழுத வேண்டும். "இடதுபக்கம் நசுங்கல், ஒரு சாண். கதவுக் கீலில் துரு. சீல் சரி."

பார்க்காமல் "நல்ல நிலை" என்று எழுதிவிட்டால், அந்த நசுங்கல் பிறகு நம் தலையில் வந்து விழும். யார்டில் எழுதாத சட்டம் இது ஒன்றுதான்.

லாரி டிரைவர்களுக்கு இந்தச் சடங்கில் பொறுமை இல்லை. "இன்னா சிஸ்டரு, பொட்டிக்கு ஜாதகம் எய்திகினு கீற? சீக்கிரம் உடு, பின்னால நூறு வண்டி கீது" என்பார்கள். பிறகு சீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். பெரிய மனிதர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பின்னாளில் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி ஏற்படாததற்கு இது காரணம்.

அந்த வாசலில்தான் துரு என்னைப் பிடித்தது. ஒரே வயதுப் பெட்டிகள்கூட ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கேட்டதற்குத் தண்டனையாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டேன்.

தகடுகள்

என் ஆராய்ச்சியை ஒரு வரியில் சொல்லலாம். உள்ளங்கை அளவு இரும்புத் தகடுகளைக் கடற்கரை மாடிகளில் தொங்கவிட்டு, கடல் காற்று எவ்வளவு இரும்பைத் தின்கிறது என்று பார்ப்பது.

மாடிகள் மூன்று. ராயபுரத்தில் பர்வீன் சாச்சா என்று கூப்பிடும் அவள் சித்தப்பாவின் கடைக்கு மேல் ஒன்று. திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் மேல் ஒன்று. நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா அக்கா வீட்டின் மேல் ஒன்று. அங்கே கருவாடும் என் தகடும் பக்கத்துப் பக்கத்தில் காயும். மாதத்துக்கு ஒரு முறை, மாடிக்கு ஒரு தகடு வீதம் இறக்குவேன். பல்கலைக்கழகக் கூடத்தில் துருவை அமிலத்தில் கழுவி, மிச்சமுள்ள இரும்பை எடை போடுவேன்.

"மத்தவங்கல்லாம் கொயந்த எடை ஏறலன்னு அய்வாங்க," என்றார் தேசம்மா அக்கா ஒருமுறை. "நீ எடை எறங்கிச்சின்னா சிரிக்கிற. நல்லாக் கீதுமே உன் பொயப்பு."

"அதுக்குத்தான்கா பட்டம் தர்றாங்க."

"எங்கூட்டு ஜன்னல் கம்பியெல்லாம் தானா எறங்கிப்போச்சு. எனுக்கு எத்தினி பட்டம் தருவாங்க, கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசித் தவணையாக ஒன்பது தகடுகள். மாடிக்கு மூன்று. அவை மூன்று மழைக்காலம் தொங்கினால்தான் கணக்கு முழுமையாகும். இரண்டு மழை முடிந்திருந்தது. மூன்றாவது மழை வருமுன் என் பதிவுக் காலம் முடிந்துவிடும். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். அமிலமும் தராசும் இல்லாத ஒன்பது தகடுகளுக்கு ஒரு பெயர்தான் உண்டு: பழைய இரும்பு.

நீட்டிப்புக்கு நெறியாளர் பரிந்துரைக்க வேண்டும். என் நெறியாளர் ஓய்வு பெற்று, வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். மின்னஞ்சல் அனுப்பினால் பேரக்குழந்தையின் படம் பதிலாக வரும்.

வழித்துணை வந்தது

என்னைப் போல நெறியாளர் இல்லாமல் பதினான்கு பேர் இருந்தோம். எங்களைக் கைதூக்கிவிடப் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் தொடங்கியது. "இளம் ஆய்வாளர் வழித்துணைத் திட்டம்." அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு மூன்று முறை கூடியது. வழித்துணைவர்களைத் தேர்ந்தெடுக்க எந்தக் குழுவும் கூடவில்லை. அகர வரிசை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் தமிழரசி. ஆகவே எனக்குப் பேராசிரியர் தயாளன். பருத்தி நூலின் முறுக்கில் அவர் பெரிய நிபுணர். பர்வீன் உயிரி வேதியியல். அவளுக்குப் பேராசிரியர் பரமசிவம். அவர் அயற்பணியில் டெல்லிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வழித்துணைவர்களுக்கு அரைநாள் பயிற்சி தந்தார்கள். தலைப்பு, "இளையவர்கள் பேசும்போது கேட்பது எப்படி?" பயிற்சியாளர் நான்கு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். கேள்வி நேரத்தை நேரமின்மையால் ரத்து செய்தார்கள்.

ஆளுக்கொரு பதிவேடு தந்தார்கள். மாதம் ஒரு சந்திப்பு, சந்திப்புக்கு ஒரு பக்கம். நெறியாளர் இல்லாதவர்களின் நீட்டிப்புக்கு வழித்துணைவரின் பரிந்துரையும் பதிவேடும் கட்டாயம். ஒருங்கிணைப்பாளர் மங்கையர்க்கரசி மேடம் எல்லாரையும் "கண்ணு" என்று கூப்பிடுவார். "மனசுல இருக்கறதை எழுதுங்க கண்ணு. ஒளிவு மறைவு வேண்டாம்" என்றார்.

பதின்மூன்று பேருக்கு இது சும்மா ஒரு பேச்சு என்று புரிந்தது. வாசல் சீட்டு எழுதி வந்தவளுக்குப் புரியவில்லை.

பர்வீனின் ரப்பர்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தவர்களுக்கு ஒரு வேலையை இரண்டு முறை செய்யப் பிடிக்காது. பர்வீன் இரண்டாவது மாதமே பாரிமுனைக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தாள். அதில் ஒரே வாசகம்: "ஆய்வு முன்னேற்றம் விவாதிக்கப்பட்டது. திருப்திகரம்."

அவள் உருவாக்கிய வாசகம்தான். எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. பதின்மூன்று பதிவேடுகளிலும் அந்த ஸ்டாம்ப் சுற்றி வந்தது. ஒருவர் கேன்டீனில் குத்துவார், அடுத்தவர் மெட்ரோவில் குத்துவார்.

என்னிடமும் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"ஏன், நீ மட்டும் இன்னா பெரிய அரிச்சந்திரனா?"

"பார்க்காமல் 'நல்ல நிலை'ன்னு எழுதக் கூடாது."

"பொட்டிக்கு எய்துறா மாரி மனுசனுக்கு எய்தாதடீ. பேஜாராப் பூடும்."

பக்கம் ஒன்று முதல் பதினான்கு வரை

முதல் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

1. சொன்ன நேரம் 10.30. அறை பூட்டியிருந்தது.
2. 11.40க்கு வந்தார்.
3. கேட்டது: "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"
4. துரு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொட்டிவாக்கத்தில் அவர் வீட்டு இரும்பு கேட் மூன்று முறை பெயின்ட் அடித்தும் உரிகிறது.
5. பழைய துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். இரும்பு தெரியும்வரை சுரண்டி, துத்தநாகப் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை என்று சொன்னேன்.
6. என் ஆய்வு பற்றி: நேரம் போதவில்லை.

இதில் குத்தல் எதுவும் இல்லை. பெட்டி வந்தது, சுற்றிப் பார்த்தேன், எழுதினேன். பென்சிலில் நான் குறி வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் மாதம், சுரண்டும் வேலை நடக்கிறது. மூன்றாம் மாதம், பெயின்டரிடம் போனில் பேசச் சொன்னார், பேசினேன். நான்காம் மாதம், "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று மறுபடி கேட்டார். ஐந்தாம் மாதம், கேட்டின் புகைப்படம் காட்டினார். ஏழாம் மாதம், பதினோரு நிமிடச் சந்திப்பு, அதில் ஒன்பது நிமிடம் அவர் மச்சான் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி. பத்தாம் மாதம், ஒரே செய்தி: கேட் நலமாக உள்ளது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், என் ஆய்வு பற்றி: நேரம் போதவில்லை. அதன் கீழே அவர் கையெழுத்து, தேதியோடு.

முன்னேற்றம் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. கேட்டுக்கு இருந்தது.

மறுபடியும் வெல்வெட்

தரக் குழு வருவதற்கு முந்தின நாள் மங்கையர்க்கரசி மேடம் பதினான்கு பதிவேடுகளையும் வாங்கிப் பார்த்தார். பதின்மூன்றில் ஒரே ஸ்டாம்ப், ஒரே நீல மை. ஒன்றில் மட்டும் பக்கம் நிறையக் கையெழுத்து, எண் போட்டு, கோடு போட்டு.

"இப்படித்தான் கண்ணு இருக்கணும்!" என்று என் கன்னத்தைத் தட்டினார். "இதை நடுவுல வைக்கறோம்."

"மேடம், ஒருமுறை படிச்சுட்டு…"

"பார்த்தாலே தெரியுதே. எவ்வளவு சுத்தம்!"

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, உண்மையைச் சொல்லி நோட்டைத் திரும்ப வாங்குவது. அப்போது அவர் படிப்பார். இரண்டு, பேசாமல் இருப்பது. அப்போது யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பலாம். தயாளன் சாரின் பரிந்துரை அந்த வாரத்துக்குள் வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பல்கலைக்கழகத்தில் நான் கற்ற முதல் பாடம் அதுவாக இருக்கலாம்.

அம்மையார் பதினான்கு பக்கமும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டை மூடாமல், விரலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல பேராசிரியர் தயாளன் யாருங்க?"

தயாளன் சார் பக்கோடாத் தட்டோடு முன்னே வந்தார்.

"உங்க வீட்டு கேட் இப்ப எப்படி இருக்கு?"

மங்கையர்க்கரசி மேடத்தின் புன்னகை அப்படியே நின்றது. தயாளன் சாரின் முகம் மட்டும் மலர்ந்தது.

"பிரமாதமா இருக்குங்க மேடம்! ஒரு புள்ளி துரு இல்ல. இந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. என் மச்சான் வீட்டுக்கும் அதே பிரைமர்தான்…" தட்டு மெதுவாகத் தாழ்ந்தது. "மேடத்துக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பதினாலு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

நோட்டு கை மாறியது. தயாளன் சார் நின்றபடி ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"துறைகளுக்கு இடையிலான கூட்டு முயற்சி மேடம்," என்றார் மங்கையர்க்கரசி மேடம், மூச்சு விடாமல். "இருவழிப் பயன்."

அம்மையார் சிரித்தாரா இருமினாரா என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் வளாகத்தில் உடனே வேர்பிடித்தது. அடுத்த பதிப்புப் பதிவேட்டில் "இருவழிப் பயன்" என்று புதிய கட்டம் வந்திருக்கிறது. இப்போதைய மாணவர்கள் அதற்கும் ஒரு ஸ்டாம்ப் செய்துவிட்டதாகக் கேள்வி.

காபி

மூன்று நாள் தயாளன் சார் அறை பூட்டியிருந்தது. என் நீட்டிப்புப் படிவம் அவர் மேசையில். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

"மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எய்து," என்றாள் பர்வீன். "ரெண்டே வரி. அல்லா மேல ஆணையா சொல்றேன், நம்பர் மட்டும் போடாத."

எழுதினேன். எண் போடாமல் எழுத நான்கு தாள் வீணானது.

வியாழக்கிழமை அறை திறந்திருந்தது. மேசையில் என் நோட்டு. கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏழாம் பக்கத்துல தப்பு இருக்கு," என்றார்.

"சார்?"

"பதினோரு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. சரி, நான் மறுக்கல. அன்னிக்கு நீங்க மழையில நனைஞ்சு வந்தீங்க. பேச ஆரம்பிக்கும் முன்ன நான் போய்க் காபி வாங்கிட்டு வந்தேன். அது எங்க?"

பார்த்தேன். இல்லை. எனக்கு நினைவிருந்தது. காகிதக் கோப்பை, சர்க்கரை அதிகம், சூடு விரலைச் சுட்டது. ஆனால் நோட்டில் இல்லை.

யார்டில் அப்படித்தான். நசுங்கலை மட்டும் எழுதுவோம். நேராக இருக்கிற பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. அதுவரை எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

"தப்புதான் சார்," என்றேன்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முந்தாநாள் என் வீட்டம்மா படிச்சுட்டு நாள் பூரா என்கூடப் பேசல. இப்பக் கேக்கறேன். உங்க ஆய்வு என்ன?"

சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததும் தொங்குகிற தகட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று மதியமே அவர் காரில் நெட்டுக்குப்பம் போனோம். மாடிப்படியில் அவர் ஏறுவதைப் பார்த்ததும் தேசம்மா அக்கா சத்தமாகவே கேட்டார்:

"இவுருதான் கேட்டு சாரா?"

எங்கள் ஊரில் எதுவும் மறைவாக இருப்பதில்லை. தயாளன் சார் தலையாட்டினார்.

"அப்ப கொஞ்சம் எங்கூட்டு ஜன்னலையும் பாத்துட்டுப் போ நைனா. நீயும் துரு டாக்டர்தானே?"

"இல்லம்மா. நான் நூல்."

"வலைக்கு ஆவுமா?"

இருவரும் வலை நூலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கருவாட்டின் மேல் உட்காராமல் ஓர் இடம் பார்த்துக் காத்திருந்தேன். பிறகு அவர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

பரிந்துரை

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு என் நோட்டோடு அவர் தந்த பரிந்துரைக் கடிதம் இது.

1. துருவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
2. இந்த மாணவிக்குத் தெரியும். என் வீட்டு கேட் சாட்சி.
3. ஒன்பது தகடுகள் மூன்று மாடிகளில் தொங்குகின்றன. நெட்டுக்குப்பத்தில் உள்ள மூன்றை நானே எண்ணினேன்.
4. இந்த மழை முடியும்வரை நீட்டிப்பு அவசியம்.
5. இதுவரை நான் இவருக்கு வழித்துணையாக இருக்கவில்லை. இனி முயல்வேன்.

படித்ததும் கடிதத்தை நோட்டுக்குள் வைத்தேன். ஓடினேன். அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"விதிப்படியான வாசகம் இல்லையேம்மா."

"எந்த வாசகம் சார்?"

மற்ற பதிவேடு ஒன்றைத் திறந்து விரலால் தட்டிக் காட்டினார். "'ஆய்வு முன்னேற்றம் விவாதிக்கப்பட்டது. திருப்திகரம்.' இது எல்லாத்துலயும் இருக்கு பாருங்க. உங்களுதுல மட்டும் இல்ல. விதின்னா விதிதான். அஞ்சு மணிக்குக் கவுன்ட்டரை மூடிடுவேன்."

மணி நான்கு இருபது. தயாளன் சார் தேர்வுப் பணிக்குக் கிளம்பிப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

பர்வீன் படியேறி வந்தாள். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைப்பைக்குள் சீப்பு, தஸ்பீ மணிமாலை, பேருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஸ்டாம்பை எடுத்தாள். மை காய்ந்திருந்தது. அதன் மேல் "ஹா" என்று ஊதி, என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. குத்தவா, வாணாவா?"

ஒன்பது தகடுகள். குத்து என்று தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் எண்ணுக்குக் கீழே, தயாளன் சாரின் கையெழுத்துக்கு மேலே, சின்ன இடத்தில் அழுத்திக் குத்தினாள். எழுத்தர் பார்த்தார். "இப்ப சரி," என்று படிவத்தை வாங்கிக்கொண்டு, பதிவேட்டைத் திருப்பித் தந்தார். மற்ற ஐந்து வரிகளை அவர் படித்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து, தயாளன் சாருக்கு நடந்ததைச் செய்தியாக அனுப்பினேன். பதில் வந்தது: "பதிவேட்டில் எழுதிவிடவும்." எழுதினேன்.

பதினைந்தாம் பக்கம்.

1. பரிந்துரை தயாளன் சாருடையது. ஐந்து வரிகளும் உண்மை.
2. ஆறாவது வரி பர்வீனுடையது.
3. ஏழாம் மாதம் காபி: ஒன்று. சர்க்கரை அதிகம். பதிவில் விட்டுப்போனது, இப்போது சேர்க்கப்படுகிறது.
4. என் ஆய்வு பற்றி: ஒரு மணி பத்து நிமிடம்.
5. நெட்டுக்குப்பத்தில் மூன்றாவது மழை தொடங்கிவிட்டதாகத் தேசம்மா அக்கா போன் செய்தார். கருவாட்டை உள்ளே எடுத்துவிட்டாராம். தகடுகளை எடுக்கவில்லை.